ஆறாயிரம் வயதுக் கார்பன்

கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களில் மட்டும் சுமார் 66,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடாக உள்ள கார்பனில் இது ஏறக்குறைய முக்கால் பங்கு. இந்தக் கையிருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான்.

வெயில் படும் மேல்நீரில் நுண்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக்குகின்றன. அந்த விளைச்சலில் பெரும்பகுதி மேல்நீரிலேயே தின்று தீர்க்கப்படுகிறது. பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. என்சைம்களைக் கொண்டு பெரிய மூலக்கூறுகளை வெளியிலேயே நறுக்கி, சிறு துண்டுகளை உறிஞ்சிக்கொள்ளும். உண்டதில் கணிசமான பங்கு சுவாசத்தில் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். பாக்டீரியாக்களை வைரஸ்கள் உடைக்கின்றன; சிதறியது மற்ற பாக்டீரியாக்களுக்கு உணவு. ஃபாரூக் ஆசமும் சக ஆய்வாளர்களும் 1983-ல் பாக்டீரியா கரிமப் பொருளை உண்ணும் சுழற்சியை விளக்கிய பிறகே கடலின் உணவுக் கணக்கில் பாக்டீரியாவுக்கு உரிய இடம் கிடைத்தது.

ஒவ்வொரு சுற்றிலும், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைபோல, யாரும் தொடாத மிச்சம் கொஞ்சம் தங்குகிறது. வட பசிபிக் ஆழ்நீரில் அதன் சராசரி வயது சுமார் 6,000 ஆண்டுகள் என்று 1987-ல் ஆய்வாளர்கள் வில்லியம்ஸும் ட்ரஃபெலும் கதிரியக்கக் கார்பனை வைத்துக் கணித்தார்கள். ஆழ்நீர் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் இந்த மிச்சம் பல சுற்றுகளைத் தாண்டியும் அழியவில்லை! இப்படிச் சேர்த்துவைக்கும் வேலைக்கு 2010-ல் சீன விஞ்ஞானி ஜியாவோ நியான்ஜியும் குழுவினரும் 'நுண்ணுயிர்க் கார்பன் பம்பு' என்று பெயரிட்டனர்.

ஏன் அழியவில்லை? மூலக்கூறுகளின் கட்டமைப்பே கடினம் என்பது ஒரு விளக்கம். ஒவ்வொன்றும் மிக நீர்த்துக் கிடப்பதால் தேடித் தின்பது கட்டுப்படியாகவில்லை என்பது இன்னொன்று. ஆழ்நீரின் கரிமப் பொருளைச் செறிவாக்கிக் கொடுத்தபோது பாக்டீரியாக்கள் வளர்ந்ததை 2015-ல் ஒரு சோதனை காட்டியது. இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன்.

கவலை வெப்பத்தில் இருக்கிறது. நீர் சூடானால் நுண்ணுயிர்களின் சுவாசம் வேகமெடுக்கும். ஆழத்துக்குப் போகவேண்டிய கார்பன் பாதி வழியிலேயே சிதைந்து, காற்றுக்குச் சீக்கிரம் திரும்பக்கூடும்.

கடலுக்கு இரும்பு ஊட்டிப் பாசியைப் பெருக்கி இந்த இழப்பைச் சரிக்கட்டலாம் என்ற யோசனையை 2009-ல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் தென் பெருங்கடலில் சோதித்தார்கள். பாசி பெருகியது, மிதவை விலங்குகள் அதை மேய்ந்துவிட்டன, ஆழத்தில் இறங்கியது சொற்பம். கடலில் இறக்கும் கார்பன் எத்தனை ஆண்டு அங்கே தங்கும் என்று அளந்து காட்டாத எந்தத் திட்டத்துக்கும் அரசுகள் கார்பன் வரவு (carbon credit) வழங்கக் கூடாது.