பழைய 'குட்டி யானை'யை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

"அப்பா! பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வண்டி எடுத்துவிடலாம்" என்கிறான் மகன்.

"ஓடுகிற வண்டியை ஏண்டா விற்கணும்?" என்கிறார் தகப்பனார்.

சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒரு நாள் எழும் பேச்சு இது. இரண்டு பேரில் யார் சொல்வது சரி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தர்மபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இருக்கிறது பொம்மிடி. சென்னையில் இருந்து சேலம் போகும் ரெயில் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பக்கத்திலேயே சேர்வராயன் மலை. மரவள்ளியும் மஞ்சளும் விளையும் பகுதி.

ரெயில் ஊரையும் ஊரையும் இணைக்கும். ஆனால் தோட்டத்து மூட்டை சந்தைக்கு வந்து சேர வேண்டாமா? ஒரு காலத்தில் அந்த வேலையை மாட்டு வண்டி செய்தது. இன்று செய்வது 'குட்டி யானை'!

யானை பிறந்த கதை

டாட்டா கம்பெனி 2005-ம் ஆண்டு மே மாதம் 'ஏஸ்' என்ற சின்னஞ்சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கிரீஷ் வாக் என்ற என்ஜினீயர் தலைமையில் உருவான வண்டி அது. 702 சி.சி. டீசல் என்ஜின். இரண்டே சிலிண்டர். 16 குதிரைச் சக்தி. 750 கிலோ சுமை தாங்கும். சந்துக்குள் நுழையும். வயல் வரப்பு ஓரம் வரை போகும்.

உருவம் சிறிது, உழைப்பு பெரிது. அதனால் தமிழ்நாட்டு மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இலங்கையில் இதே வண்டிக்குப் பெயர் 'டிமோ பட்டா'. இதுவரை 20 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. 2011-ல் அசோக் லேலண்டு கம்பெனியும் 'தோஸ்த்' என்ற வண்டியைக் கொண்டு வந்தது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், ஓசூரில் தயாரான வண்டி அது.

அன்று வாங்கிய வண்டிகளுக்கு இன்று வயதாகிவிட்டது. இப்போதுதான் கேள்வி பிறக்கிறது.

டியூ கணக்கு

புது வண்டிக்கு 8 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம். தவணை 5 ஆண்டு. மாதாமாதம் சுமார் 17,400 ரூபாய் டியூ கட்ட வேண்டும். 60 மாதம் கட்டி முடித்தால், வட்டி மட்டும் 2 லட்சத்து 43 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும்!

"புது வண்டி டீசலை மிச்சப்படுத்துமே!" என்பான் மகன். உண்மைதான். மாதம் 1,500 கிலோ மீட்டர் ஓடுகிறது என்போம். பழையது லிட்டருக்கு 15 கிலோ மீட்டர், புதியது 20 கிலோ மீட்டர் கொடுத்தால், மாதம் 25 லிட்டர் மிச்சம். லிட்டர் 95 ரூபாய் என்றால் 2,375 ரூபாய்.

பழைய வண்டிக்கு மாதம் 5,000 ரூபாய் ரிப்பேர் செலவு என்று தாராளமாகவே வைப்போம். டீசல் நஷ்டத்தையும் சேர்த்தால் 7,375 ரூபாய். டியூவோடு ஒப்பிட்டால் மாதம் 10 ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும். தகப்பனார் கட்சி ஜெயித்தது!

அவசரப்படாதீர்கள். வண்டி மாதத்தில் 5 நாள் பட்டறையில் படுத்துவிட்டால்? நாளுக்கு 2,000 ரூபாய் வருமானம் போனால், அந்த 10 ஆயிரமும் பறந்துவிடும். தக்காளி ஏற்றிய அன்று வண்டி நின்றால், சரக்கும் கெடும், வாடிக்கைக்காரரும் போய்விடுவார். கடன் முடிந்ததும் புது வண்டி சொந்தச் சொத்தாக நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'வண்டிக்கு எத்தனை வயது?' என்பது அல்ல. 'மாதத்தில் எத்தனை நாள் நிற்கிறது?' என்பதே!

பட்டறையும் கம்ப்யூட்டரும்

பழைய என்ஜினை உள்ளூர் மெக்கானிக் ஸ்பேனரை வைத்தே பிரித்து மாட்டிவிடுவார். 2020 ஏப்ரல் முதல் வந்த 'பாரத் நிலை 6' வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும், பல மின்னணுக் கருவிகளும் இருக்கின்றன. கோளாறைக் கண்டுபிடிக்கவே கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் புதிய வண்டி விடும் நச்சுப் புகை மிகக் குறைவு. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அல்லவா? அதையும் கணக்கில் சேருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. காட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு எப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு உயர்த்தப்பட்டது. பழைய வண்டிகளை உடைக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்டு 13-ந் தேதி தொடங்கியது. ஆனால் வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் உங்கள் வண்டியைப் பிடுங்க மாட்டார்கள். சோதனையில் தேற வேண்டும், அதுதான் முக்கியம்.

அண்டை நாட்டுப் பாடம்

இலங்கையில் 2020 மார்ச்சில் வெளிநாட்டு வண்டி இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025-ல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. வண்டியைப் பேணி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். கியூபா நாட்டில் 1950-களில் வந்த அமெரிக்கக் கார்கள் என்ஜின் மாறி, பாகம் மாறி இன்னும் ஓடுகின்றன. பேணினால் இரும்பும் நீண்ட நாள் வாழும்.

எப்போது விற்க வேண்டும்?

அடிச்சட்டம் துருப்பிடித்து விரிசல் விட்டால், பிரேக் சரி செய்தும் பிடிக்காவிட்டால், எப்.சி.யில் திரும்பத் திரும்பத் தேறாவிட்டால், தயங்காமல் விற்றுவிடுங்கள். பணத்தை விட உயிர் பெரிது.

வைத்துக்கொள்வது என்றால், ஆயிலை நாள் தவறாமல் மாற்றுங்கள். 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றாதீர்கள். கல்யாணம், திருவிழா என்று ஆட்களையும் ஏற்றாதீர்கள். அது சட்ட விரோதம்.

இன்னொன்றும் செய்யுங்கள். டியூ கட்டுவதாக நினைத்து மாதம் 5,000 ரூபாய் தனியாகப் போட்டு வையுங்கள். 3 ஆண்டில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் சேரும். மகன் விரும்பும் புது வண்டிக்கு அதுவே முன்பணம். கடன் குறையும், வட்டியும் குறையும். அப்பாவின் சிக்கனமும் மகனின் ஆசையும் ஒரே வண்டியில் ஏறிவிடும்!