உங்களுக்குத் தெரியுமா? பனி நாட்டிலும் ஒரு வாண ஊர்!

வாண ஊரான சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பேர். நிஜ ஜப்பானிலும் வாணத்துக்கென்றே பேரெடுத்த ஊர் உண்டு: வடக்கே, பனி கொட்டும் அகிதா மாகாணத்து ஓமகரி. அங்கே 1910இல் தொடங்கிய வாணவேடிக்கைப் போட்டி இன்றும் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை நடக்கிறது. இருட்டுமுன்பே வண்ணப் புகையால் வானத்தில் கோலம் போடும் பகல் வாணமும் அதில் உண்டு. நம் வாணக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும்!

அதைவிட என் மனசைத் தொட்டது பக்கத்து ஊரான யொகொதேயின் பிப்ரவரி இரவுதான். தெருவோரம் ஆளுயரத்துக்கும் மேலான பனிக்குடிசைகள். உள்ளே மாடத்தில் தண்ணீர்த் தெய்வம். பனியில் புதையும் ஊரும் நல்ல தண்ணீருக்குத்தான் கும்பிடுகிறது. கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! போகிறவர்களைப் பிள்ளைகளே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ‘அமஸாகே’ என்ற இனிப்பு அரிசிக் கஞ்சியைச் சுடச்சுடத் தருகிறார்கள்.