பத்தாயிரம் முடிச்சு போட்ட சேலை

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச தூரம் சென்றதும், கண்டக்டர் "கப்பலூர்!" என்று குரல் கொடுப்பார். பெயரைக் கேட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கப்பலைத் தேட வேண்டாம். கடல் அங்கிருந்து வெகு தூரம். சமீப காலத்தில் இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டதெல்லாம் நாற்கரச் சாலையில் இருக்கும் சுங்கச் சாவடியால்தான். நாம் பேசப் போவது சுங்கத்தைப் பற்றி அல்ல, சுங்குடியைப் பற்றி. இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்தைத் தவிர வேறு உறவு கிடையாது.

சுங்குடிச் சேலையைப் பற்றிப் பேச வந்தவன் மதுரையை விட்டுக் கப்பலூருக்கு ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். சேலையின் நல்லது கெட்டது சாயத் தொட்டியில் ஆரம்பிப்பதில்லை, நூலில் ஆரம்பிக்கிறது. கப்பலூரோ நூல் ஊர். 1936-ஆம் வருஷம் கருமுத்து தியாகராஜ செட்டியார் இங்கே தியாகராஜர் மில்லை நிறுவினார். பின்னாளில் மதுரைக்குக் கலைக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் கொடுத்தாரே, அவரேதான். அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஹார்வி துரைமார் மதுரையில் நூல் ஆலை வைத்திருந்தார்கள். சுற்றிலும் கரிசல் பூமி. கையெட்டும் தூரத்தில் பருத்தி. ஆலை வந்ததில் ஆச்சரியமில்லை.

ஜவுளிக் கடையில் "எண்பதாம் நம்பர் நூல் அம்மா, தொட்டுப் பாருங்கள்" என்று கடைக்காரர் சொல்வார். நாமும் ஏதோ புரிந்தது போலத் தலையை ஆட்டிவிட்டுத் தொட்டுப் பார்ப்போம். அந்த நம்பர் என்ன என்பதை ஒரு தடவை தெரிந்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். 840 கஜ நீளமுள்ள நூல் ஒரு கழி. ஒரு ராத்தல் எடையில் எத்தனை கழி நிற்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். இருபது கழி நின்றால் இருபதாம் நம்பர். அது முரட்டு நூல். எண்பது கழி நின்றால் எண்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது! ஒரு கிலோ எண்பதாம் நம்பர் நூலைப் பிரித்து நீட்டினால் சுமார் 135 கிலோமீட்டர் வரும். மதுரையில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை திருச்சியைத் தொட்டுவிடும்.

இவ்வளவு மெல்லிய நூலை எல்லாப் பஞ்சிலும் எடுத்துவிட முடியாது. நம் கரிசலின் பழைய கருங்கண்ணிப் பருத்தி மழை பொய்த்தாலும் தாக்குப் பிடிக்கும். ஆனால் அதன் இழை குட்டை. நீள இழைப் பருத்திக்காக விஞ்ஞானிகள் பல காலம் பாடுபட்டார்கள். கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் 'சுஜாதா' என்ற ரகத்தையும், மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த 'செயின்ட் வின்சென்ட்' என்ற ரகத்தையும் சேர்த்து 1974-இல் ஒரு புது ரகத்தை வெளியிட்டார்கள். பெண் பெயரில் பாதி, தீவின் பெயரில் பாதி எடுத்து அதற்கு 'சுவின்' என்று நாமகரணம் செய்தார்கள். நூறு, நூற்றிருபது நம்பர் நூலுக்கு அது ஏற்ற பஞ்சு. ஆலைக்குள் வந்த பஞ்சைச் சிக்கெடுத்து, குட்டை இழைகளைச் சீப்பால் வாரித் தள்ளிவிட்டு, மிஞ்சிய நீள இழைகளைத்தான் உயர்ந்த நம்பருக்கு முறுக்குவார்கள். குட்டை இழை கலந்துவிட்டால் நாலு சலவைக்குள் துணியில் பிசிறு எழும்பும். முழங்கைப் பக்கமெல்லாம் பொடிப்பொடியாகப் பஞ்சு திரண்டு நிற்குமே, அதுதான்.

நல்ல சுங்குடிக்கு எண்பது, நூறு நம்பர் நூலில் நெய்த துணிதான் பொருத்தம். உடம்பில் கிடப்பதே தெரியாது. சித்திரை வெயிலில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்கள் எந்தச் சேலையைக் கட்டுவார்கள்? பட்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தால் தெரியும் சேதி!

துணி மதுரைக்கு வந்தால் சௌராஷ்டிர மக்களின் கைக்கு வருகிறது. நாயக்க மன்னர்கள் காலத்தில் இங்கே வந்து சேர்ந்து, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றி வீடு கட்டிக் குடியேறியவர்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை, வீதியில் மதுரைத் தமிழ். அவர்கள் பூர்வீகமாகச் சொல்லும் குஜராத் பக்கத்திலும் 'பாந்தனி' என்று முடிச்சுச் சாயம் போடுகிறார்கள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரியும். பாந்தனி கொஞ்சம் ஆடம்பரக்காரி. சுங்குடி அடக்கமான மருமகள், புள்ளியோடு நிறுத்திக்கொள்வாள்.

வேலை இப்படி நடக்கிறது. கஞ்சி நீக்கி வெளுத்த துணியை மடித்துப் புள்ளி குறிப்பார்கள். பிறகு அது வீடுகளுக்குப் போகும். அங்கே பெண்கள் ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகக்கண்ணால் துளியூண்டு கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுகள் முடிந்ததும் சேலை சுருங்கி முள்ளு முள்ளாக ஒரு பந்து போல ஆகிவிடும். அதைச் சாயத்தில் முக்கி எடுத்து அலசி உலர்த்துவார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. காய்ந்தபின் துணியை இழுத்துப் பிரித்தால் படபடவென்று முடிச்சுகள் விட்டு, வானத்து நட்சத்திரம் போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இரண்டு நிறம் வேண்டுமானால் முதலில் இளநிறம், அதன் மேல் மறுபடி முடிச்சு, பிறகு அடர்நிறம்.

இந்தக் கிள்ளுதலுக்குக் கூலி என்ன? அதைத்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். புள்ளி நெருக்கமான சேலையில் பத்தாயிரம் முடிச்சு என்பது அதிசயமில்லை. தேர்ந்த கை நிமிஷத்துக்கு ஐந்து முடிச்சுப் போடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கு இரண்டாயிரம் நிமிஷம். அதாவது முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். அடுப்பு, குழந்தை, தண்ணீர்க் குழாய் எல்லாம் போக நாளுக்கு மூன்று மணி கிடைத்தால் பதினோரு நாளுக்கு மேல் ஆகும். முடிச்சுப் போட மட்டும்! நியாயமான தினக்கூலி எதை வேண்டுமானாலும் வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை சேலை விலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று அது முடிச்சுச் சேலை அல்ல. அல்லது யாரோ ஒரு பெண்ணின் கூலியில் கை வைத்திருக்கிறார்கள். தாயார் விரல் நுனி காய்த்துப் போய்ச் சம்பாதித்ததைப் பார்த்து வளர்ந்த பெண்கள் இன்று படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முடிச்சுக்குப் பதிலாக மெழுகு வந்தது. அச்சுக் கட்டையை உருகிய மெழுகில் தொட்டுத் துணியில் பதித்துச் சாயம் போட்டால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். அப்புறம் சல்லடை அச்சு வந்தது. அதில் புள்ளியையே நேராக அச்சடித்துவிடலாம். கடைகளில் சுங்குடி என்று விற்பதில் இப்போது பெரும்பகுதி இந்த இரண்டு வகைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கையால் முடிச்சுப் போட்டது அதற்குப் பல மடங்கு. 'மதுரைச் சுங்குடி' என்ற பெயருக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனாலும் ஒவ்வொரு கடை வாசலிலும் சட்டம் வந்து காவல் நிற்குமா? வாங்குகிறவர் கண்தான் காவல்.

அச்சுச் சேலையை நான் மட்டம் தட்டவில்லை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரை மேல மாசி வீதி வீட்டிலிருந்து காந்திஜி முழத்துண்டோடு வெளியே வந்தார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று ஏழை ஜனங்கள் அவரிடம் சொன்ன வார்த்தை அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. துணி விலை என்பது அன்றும் இன்றும் குடும்பக் கணக்கில் பெரிய கேள்வி. தினமும் கட்டித் துவைத்துக் காயப்போட நல்ல நூலில் நெய்து கெட்டிச் சாயம் ஏற்றிய அச்சுச் சேலை வாங்குவது புத்திசாலித்தனம்தான். அச்சுக்கு அச்சு விலை கொடுங்கள், முடிச்சுக்கு முடிச்சு விலை கொடுங்கள். அச்சுக்கு முடிச்சு விலை கொடுத்துவிட்டு வருவதுதான் வயிற்றெரிச்சல்.

எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளிகளைப் பாருங்கள். கையால் கிள்ளிய புள்ளி ஒன்று போல் இன்னொன்று இராது. ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று கோணல். சிலவற்றில் நடுவே சாயம் ஒரு பொட்டுப் போல் நின்று வளையமாகத் தெரியும். முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணி நுனி சாயம் குடித்த அடையாளம் அது. புள்ளி இருக்கும் இடத்தில் துணி லேசாகப் புடைத்துச் சுருங்கியிருக்கும். சேலையைத் திருப்பிப் பார்த்தால் இரு புறமும் ஒரே அடர்த்தி. சிப்பாய்கள் அணிவகுத்தது போல எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரிசை பிசகாமல் நின்று, பின்புறம் வெளிறியிருந்தால் அது அச்சு. குஜராத்தில் முடிச்சை அவிழ்க்காமலே சேலையை விற்கும் வழக்கம் உண்டு. வாங்குபவர் முன்னாலேயே இழுத்துப் பிரித்துக் காட்டுவார்கள். இங்கேயும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசா, பணமா?

அடுத்தது நெசவு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை சீராக நெருங்கி இருக்க வேண்டும். இரண்டு விரலுக்கிடையில் கசக்குங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சியால் உடம்பு தேற்றிய துணி. முதல் சலவையிலேயே வலையாகிவிடும். ஈரக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை சிவந்தால் கடைக்காரர் முகம் கறுக்கும், பரவாயில்லை.

சாயத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. முன்காலத்தில் சிவப்புக்குச் சாயவேரும் நுணா வேரும், நீலத்துக்கு அவுரி, பிடிப்புக்குப் படிகாரம். 1868-இல் ஜெர்மன் ரசாயன நிபுணர்கள் வேர்ச் சிவப்பைச் சோதனைச் சாலையிலேயே செய்துவிட்டார்கள். 1897-இல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. வேரைத் தோண்டுவாரும் அவுரி பயிரிடுவாரும் தொழிலை இழந்தார்கள். அதே ஜெர்மனிதான் 1994-இல், உடம்புக்குத் தீங்கு செய்யும் பொருளாகச் சிதையக்கூடிய சில 'அசோ' சாயங்களைத் தடை செய்தது. இந்தியாவும் 1997-இல் அவற்றைத் தடுத்தது. குழந்தைக்குச் சட்டை தைக்கத் துணி எடுப்பவர்கள் சாயம் ஒட்டும் துணியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாமல் இருப்பது நல்லது.

"முதல் சலவையில் உப்புத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், சாயம் நிற்கும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். சரியாக ஏறிய சாயத்துக்கு உப்பு தேவையில்லை. ஏறாத சாயத்தை உப்பு காப்பாற்றாது. சாயம் போட்ட பிறகு பட்டறையில் சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, ஒட்டாத சாயத்தைக் கழுவிவிட வேண்டும். அந்த அலசலில் மிச்சம் பிடிக்கும் பட்டறையின் சேலைதான் உங்கள் வீட்டு வாளியில் வந்து நிறத்தைக் கக்கும். எப்படியும் முதல் இரண்டு தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். கொஞ்சம் சுருங்கும், அது பருத்தியின் சுபாவம். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போட்டால் மொரமொரவென்று நிற்கும்.

வாங்குவதற்கு மதுரையில் விளக்குத்தூண் பக்கமும் மகாலைச் சுற்றிய தெருக்களும் போதும். கடையில் ஏறியதும் விலையைக் கேட்காமல், "இது முடிச்சா, மெழுகா, அச்சா?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிற கடையில் உட்காருங்கள். நல்ல எண்பதாம் நம்பர் சேலை வருஷக் கணக்கில் உழைக்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கட்டுவதற்கு லாயக்கில்லாமல் போன பிறகும் அதைத் தூக்கிப் போடும் வழக்கம் மதுரைப் பக்கத்தில் இல்லை. நடுப்பகுதி கிழியாமல் இருக்கும். பேரப்பிள்ளைக்குத் தூளி கட்ட அதற்கு நிகரான துணி கிடையாது.