நூற்றுக்கு நூறு வாங்கிய மென்பொருளை நம்பலாமா?

2008-இல் இணைய உலாவிகளுக்குள் ஒரு மதிப்பெண் போட்டி நடந்தது. 'ஆசிட் 3' என்ற பக்கத்தைத் திறந்தால், அந்த உலாவி வலைத் தரநிலைகளை எந்த அளவுக்குப் பின்பற்றுகிறது என்று 100 குட்டிச் சோதனைகள் வைத்துச் சொல்லிவிடும். மார்ச் மாதக் கடைசியில் ஓபரா உலாவி, வெப்கிட் என்ற உலாவி எஞ்சின் இரண்டுமே 100 வாங்கிவிட்டதாக அறிவித்தன. 2011-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 4 வாங்கியது 97. எஸ்விஜி எழுத்துரு வசதியை வேண்டாம் என்று ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா விட்டுவிட்டதால் போன மதிப்பெண்கள் அவை. அதே ஆண்டு செப்டம்பரில் சோதனையிலிருந்து சில பகுதிகள் நீக்கப்பட்டன. ஃபயர்பாக்ஸில் ஒரு வரிகூட மாறவில்லை. மதிப்பெண் 100 ஆகிவிட்டது.

மென்பொருள் எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை இருபொருளுக்கு இடமில்லாமல் கணித மொழியில் எழுதிவைப்பதை முறைசார் விவரக்குறிப்பு என்கிறார்கள். எழுதிய நிரல் அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அளக்க, ஆசிட் 3 போலத் தேர்ந்தெடுத்த சோதனைகளை ஓட்டுவதுதான் எளிய வழி. ஆனால் சோதனை எழுதியவருக்குத் தோன்றாத மூலைமுடுக்கு எதுவும் மதிப்பெண்ணில் தெரியாது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகரும் அவரது குழுவினரும் சோதனை எழுதும் வேலையையே கணினியிடம் விட்டார்கள். அவர்களுடைய 'சிஸ்மித்' என்ற கருவி சி மொழியில் மனம்போன போக்கில் நிரல்களை எழுதித் தள்ளும். ஒரே நிரலைப் பல கம்பைலர்களிடம், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் குறியீடாக மாற்றும் மென்பொருள்களிடம், கொடுப்பார்கள். ஓடி முடிந்ததும் நிரல் ஓர் எண்ணை அச்சிடும். எல்லாம் ஒரே எண்ணைக் காட்டும்போது ஒன்று மட்டும் வேறு எண்ணைக் காட்டினால், சந்தேகம் அதன் மேல்தான். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. குறியுள்ள முழு எண் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பது போன்ற விஷயங்களில் சி தரநிலையே கைகழுவிவிட்டது. அப்படி ஒரு வரி நிரலுக்குள் நுழைந்தால், எந்த விடை வந்தாலும் கம்பைலரைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தகைய வரிகளைத் தவிர்த்து எழுதுவதுதான் சிஸ்மித்தின் சாமர்த்தியம்.

மூன்று ஆண்டுகளில் 325-க்கும் மேற்பட்ட புதுப் பிழைகள் அகப்பட்டன என்று 2011-இல் குழு அறிவித்தது. ஜிசிசி, எல்எல்விஎம் போன்ற கம்பைலர் ஜாம்பவான்களும் தப்பவில்லை.

சோதிக்கப்பட்டவற்றில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் சேவியர் லெராய் உருவாக்கிய 'காம்ப்செர்ட்' தனி ரகம். அதன் மையப் பகுதி சரியானது என்று 'காக்' என்ற நிரூபணக் கருவியில் நிறுவியிருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குச் சமமான கணினி நேரம் செலவழித்தும் அந்த மையப் பகுதியில் தவறான குறியீடு ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனால் நிரூபிக்காத முன்பகுதியில் பிழைகள் இருந்தன. இன்னொரு பிழை அதைவிடச் சுவாரசியமானது. பவர்பிசி சிப்பின் ஒரு கட்டளையில் எண்ணை வைக்க 16 பிட் இடம்தான் உண்டு. காம்ப்செர்ட் அதற்குள் அடங்காத எண்ணை எழுதியது. அந்த வரம்பை விவரக்குறிப்பில் எழுதவே இல்லை! நிரூபணம் பிசகவில்லை, எதை நிரூபிப்பது என்று எழுதிக்கொடுத்ததில்தான் ஓட்டை.

இது விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. பல கணினிகளில் பரவி இயங்கும், நிரூபிக்கப்பட்ட மூன்று பரவல் அமைப்புகளை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருவி ஆராய்ந்து, 2017-இல் 16 பிழைகளைப் பட்டியலிட்டார்கள். நிரூபணத்துக்கு உட்பட்ட நெறிமுறைகளில் ஒன்றுகூட இல்லை. இயங்குதளத்தோடு பேசும் இணைப்பு நிரல், விவரக்குறிப்பு, சரிபார்க்கும் கருவி ஆகியவற்றில்தான் அத்தனையும். சரிபார்க்கும் நிரல் பாதியில் செத்துப்போனதையே 'தேறியது' என்று எடுத்துக்கொண்ட கூத்தும் அதில் உண்டு.

ஆகவே ஒரு மென்பொருளை 'நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது விற்க வந்தால், எவையெல்லாம் நிரூபணத்துக்கு வெளியே நிற்கின்றன என்று முதலில் கேளுங்கள். நாணயமானவர்கள் மறைக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான 'எஸ்இஎல்4' இயங்குதளக் கருவின் சுமார் 8,700 சி வரிகளுக்கு 2,00,000 வரி அளவில் நிரூபணம் எழுதினார்கள். 2009-இல் அதை வெளியிட்டபோதே, கம்பைலர், அசெம்பிளி வரிகள், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல், வன்பொருள் ஆகியவற்றைச் சரியென்று நம்பி எடுத்துக்கொண்டோம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.