வெயிலின் மேல் பழியா?

அக்கினி நட்சத்திரத்தில் ஓரிக்கையிலிருந்து பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் சாலையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரயாணம் செய்ய வேண்டுமென்று எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் கலியாண முகூர்த்தங்கள் நம் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? அன்று நாம் ஏறிய ஆட்டோ ரிக்ஷாவில் மொத்தம் அறுவர். மடியில் இரண்டு பலகாரக் கூடைகள் வேறு. ஓட்டுபவர் நமக்கு நெடுநாள் பழக்கமானவர். தறி நெய்து கொண்டிருந்தவர். தறியை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி வண்டி வாங்கினார்.

பாதி வழியில் வண்டியின் குரல் மாறிற்று. சற்றுத் தூரம் முனகிக்கொண்டே சென்றது. பிறகு ஒரே இழுப்பாக நின்றுவிட்டது. நம்மில் ஒருவர் பரோபகார சிந்தையுடன் குடிநீரை யந்திரத்தின் மேல் கொட்டப் போனார். ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாங்க! காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் ஊற்றுகிற கதையாகிவிடும். உலோகம் வெடித்துவிடும்” என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, “எல்லாம் இந்த வெயில் செய்கிற வேலை, வாத்தியாரய்யா” என்று பெருமூச்செறிந்தார்.

பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பட்டறைக்காரர் பாஷையில் ‘சீஸ்’ ஆகிவிட்டது. மறுநாள் காஞ்சீபுரத்துப் பட்டறையில் கேட்ட தொகை அவருடைய ஒரு மாதத் தவணையைவிட அதிகம். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். வீட்டில் இரண்டு குழந்தைகள். இந்நிலையில், ‘வெயில்தான் காரணம்’ என்பது உண்மைதானா என்று ஆராய்வது வெறும் பொழுதுபோக்கன்று. வெயில் காரணமானால் ஒவ்வொரு சித்திரையிலும் இந்தச் செலவு வருமே!

கணக்கைப் பார்ப்போம். எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறையக் கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மீதியில் பெரும்பகுதி உஷ்ணம். புகையோடு போனது போக எஞ்சியதை யந்திரத்தின் உடலிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். பெரிய கார்களில் தண்ணீர் அந்த உஷ்ணத்தை ரேடியேட்டருக்குச் சுமந்து செல்கிறது. ஆட்டோவிலோ ஸிலிண்டரைச் சுற்றி மீன் செதில் போல் வார்க்கப்பட்ட மெல்லிய தகடுகளின் வழியே அது நேரே காற்றில் கலக்கிறது. செதிலுக்கும் காற்றுக்கும் உஷ்ண வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாக உஷ்ணம் வெளியேறும். செதில் 180 டிகிரியில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் காற்று 30 டிகிரியானால் வித்தியாசம் 150. கத்திரியில் காற்று 42 டிகிரியானால் வித்தியாசம் 138. பன்னிரண்டில் ஒரு பங்குகூடக் குறையவில்லை! 95 டிகிரியில் இருக்கும் ரேடியேட்டருக்கோ 65 ஆக இருந்த வித்தியாசம் 53 ஆகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம். ஆகவே காற்றால் குளிரும் யந்திரம் வெயிலுக்கு அஞ்சும் ஜாதியே அல்ல.

அப்படியானால் குற்றவாளி யார்? பட்டறையில் அந்த இளைஞர் நம்மைக் குனிந்து பார்க்கச் சொன்னார். செதில்களின் இடைவெளியே தெரியவில்லை. கசிந்த எண்ணெயில் சாலைப் புழுதி படிந்து, வெந்து, அடுப்பங்கரைச் சுவர்ப் பிசுக்குப்போல் இறுகியிருந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடிய யந்திரம் அது!

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. ஆட்டோவின் யந்திரம் பின்புறத்தில் மறைந்திருப்பதால் எதிர்க்காற்று அதன்மேல் படாது. ஆகவே யந்திரத்தோடு சேர்ந்து சுழலும் விசிறி ஒன்று உண்டு. அது தள்ளும் காற்றைச் சிதறவிடாமல் செதில்களுக்கிடையே செலுத்துவதற்கு ஒரு தகட்டு உறையும் உண்டு. முன்பு ஏதோ பழுது பார்த்தபோது கழற்றிய அந்த உறையை, ‘காற்றோட்டமாக இருக்கட்டும்’ என்று நம் நண்பர் திரும்ப மாட்டவேயில்லை. துருத்தியின் மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொல்லன் ஊதினால் காற்று உலைக்கரிக்குப் போய்ச் சேருமா?

நம் மாவட்டத்து ஒரகடத்தில் 2013-ஆம் ஆண்டிலும், அதற்கு முன் 1955 முதல் திருவொற்றியூரிலும் தொடங்கிய தொழிற்சாலைகள் புல்லட் மோட்டார் சைக்கிளுக்குப் பேர் போனவை. புல்லட்டில் விசிறி கிடையாது. யந்திரம் திறந்த வெளியில் நிற்கிறது, ஓடினால் காற்று. வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் ஊர்ந்தால் அதற்குத்தான் கஷ்டம் அதிகம்; நிறுத்திவிடுவதே நலம். ஜெர்மனியில் பிறந்த வோக்ஸ்வாகன் ‘வண்டு’ காரோ ஆட்டோவைப் போலப் பின்புற யந்திரமும் விசிறியும் உடையது. 2003-இல் மெக்ஸிகோவில் கடைசி வண்டி வெளிவரும் வரை இரண்டு கோடிக்கு மேல் செய்தார்கள். அதில் விசிறியையும் டைனமோவையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முன்னே சிவப்பு விளக்கு எரியும். விஷயம் தெரிந்தவர் அந்தக் கணமே ஓரங்கட்டுவார். இரண்டரை லிட்டர் எண்ணெய்தான் அதற்கு. ஆனால் அந்த எண்ணெயும் உஷ்ணத்தைச் சுமக்கிறது. ஆகையால் அளவு குறையவிடக் கூடாது. நம் நான்கு வீச்சு ஆட்டோக்களுக்கும் இது பொருந்தும்.

பட்டறை இளைஞர் இன்னொன்றும் சொன்னார். பாரமேற்றிக்கொண்டு மேட்டில் டாப் கியரிலேயே முக்க வைப்பது பொல்லாதது. யந்திரம் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகத்தானே சுழலும்? உழைப்பு அதிகம், காற்று குறைவு. கியரைக் குறைத்தால் சத்தம் கூடும். ஆனால் காற்றும் கூடும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்புரேட்டரில் எரிபொருளை அளவுக்குமேல் குறைப்பதும் உஷ்ணத்தையே வளர்க்கும். கழுவுவதென்றால் யந்திரம் நன்றாக ஆறிய பிறகுதான்.

பாரம் என்றதும் நமக்குச் சற்று வெட்கமாயிற்று. மூவர் அமர வேண்டிய வண்டியில் அறுவர் ஏறினோமே, அதில் நாமும் ஒருவர். அறுவருமாகப் பழுதுச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தோம். அவர் வெகு நேரம் மறுத்த பிறகே வாங்கிக்கொண்டார்.

சென்ற வாரம் மறுபடி அவர் வண்டியில் ஏறினோம். இறங்கும்போது பின்புற மூடியைத் திறந்து காட்டினார். செதில்கள் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தன. தகட்டு உறை இடத்தில் இருந்தது. அதன் புதுத் திருகாணிகள் மாத்திரம் பளபளவென்று மின்னின.