எக்செல்லில் ஒரு வள்ளம்

தூத்துக்குடியில் ஆண்டுதோறும் ஒரு கூட்டம் பணி ஓய்வு பெறுகிறது. அனல்மின் நிலையம், துறைமுகம், ஸ்பிக், கனநீர் ஆலை என்று முப்பது வருடத்துக்கு மேல் வரைபடங்களோடும் மீட்டர்களோடும் பொழுதைக் கழித்தவர்கள். வழியனுப்பு விழாவில் போட்ட சால்வை பீரோவுக்குள் போனதும் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடலாம், சாயங்காலம் ரோச் பூங்காவில் நடக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லையா? தட்சுவோ ஹோரியுச்சியைத் தெரிந்துகொள்ளலாம்.

1940-இல் பிறந்த ஜப்பான்காரர். ஓய்வை ஒட்டி, 60 வயது வாக்கில் கணினியில் படம் வரையலாம் என்று முடிவு செய்தார். ஓவிய மென்பொருள்களின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கணினியிலேயே எக்செல் இருந்தது. அலுவலகத்தில் அவர் எக்செல்லைத் தொட்டதில்லை. ஆனால் மற்றவர்கள் அதில் அழகழகாக வரைபடம் போடுவதைப் பார்த்திருந்தார். அது போதும் என்று இறங்கிவிட்டார். மலை, செர்ரிப் பூ, பனி மூடிய கிராமம் என்று அவர் வரைந்தவற்றைப் பார்ப்பவர்கள், சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளில் பிறந்த படங்கள் என்று நம்பத் தயங்குவார்கள். 2006-இல் எக்செல் ஓவியப் போட்டி ஒன்றில் முதல் பரிசும் வாங்கினார்.

அவர் கட்டங்களுக்குள் வண்ணம் நிரப்பவில்லை. எக்செல்லில் வளைகோடு போடும் கருவி உண்டு. அதில் வரையும் ஒவ்வொரு இலையும் தனி உருவம். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது, நிறம் எங்கே அடர்ந்து எங்கே மங்க வேண்டும் என்பதெல்லாம் வரைபவர் கையில். கோட்டைப் புள்ளிகளாகவும் கணக்காகவும் கணினி நினைவில் வைத்திருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் பிசிறடிக்காது. ஆட்டோகேடில் வேலை பார்த்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். திரேஸ்புரம் கரையில் இழுத்துப் போட்டிருக்கும் வள்ளம் ஒன்றைப் பொறியாளர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதியை வரைவார், மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுவார். அணியத்தின் வளைவு அச்சுப் பிசகாமல் வந்துவிடும். பட்டறைக்கு அனுப்ப அருமையான படம்தான். ஆனால் மணலில் வள்ளம் ஒருபக்கமாகச் சாய்ந்தல்லவா கிடக்கிறது? வெயில் பட்ட பக்கம் பெயிண்ட் வெளுத்திருக்கிறது, தண்ணீர் உரசும் பகுதியில் வேறொரு நிறம் ஏறியிருக்கிறது. தெரிந்ததை வரையும் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, கண்ணில் படுவதை வரையப் பழகுவதுதான் இந்த வயதில் படிக்க வேண்டிய பாடம். மென்பொருளை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். இதற்குக் கூடுதலாகவே நாள் பிடிக்கும்.

கணக்கையே தூரிகையாக்கியவர்களும் உண்டு. ஜெர்மனியின் கெயோர்க் நேஸ் சீமென்ஸ் நிறுவனத்தில் கணிதவியலாளர். நிரல் எழுதி இயந்திரத்தை வரையவைத்த படங்களை 1965-இல் ஸ்டுட்கார்ட்டில் காட்சிக்கு வைத்தார். ‘ஷோட்டர்’ என்ற அவருடைய படத்தில் மேலே ஒழுங்காக அடுக்கிய சதுரங்கள் கீழே வரவர நிலைகுலைந்து சரிகின்றன. நம்மூரிலும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் வாசல் கோலத்துக்கான கணித இலக்கணத்தை 1974-இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். திரேஸ்புரத்தில் இதற்குத் தோதான பொருள் சங்கு. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும் சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சங்கின் சுருள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் விரிகிறது. நாலு வரி நிரலில் அதைத் திரையில் கொண்டுவரலாம்.

கண் மங்கிவிட்டதே என்பவர்களுக்கு அமெரிக்கர் ஹால் லாஸ்கோ. எழுத்துரு வடிவமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வை குறைந்த பின், விண்டோஸ் பெயிண்ட்டில் திரையைப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாக வரைந்தார். 2014-இல் 98 வயதில் காலமானார்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். கோடுகளுக்கு இங்க்ஸ்கேப், தூரிகை வேலைக்குக் கிரிட்டா, இரண்டும் இலவசம். பழைய மடிக்கணினியே தொடங்குவதற்குத் தாராளம். பேனா பலகை வாங்குபவர்கள் சின்ன அளவிலேயே தொடங்கலாம். கை பலகையில், கண் திரையில் என்ற பழக்கம் படிய முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும்.