உங்களுக்குத் தெரியுமா? – மாலையில் சரியும் இமை

● காலையில் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். பசியாறும்போது ரொட்டி சானாயின் முதல் பாதி சிரமமில்லாமல் இறங்கும். அடுத்த பாதிக்குள் தாடை சோர்ந்துபோய், மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டியிருக்கும். மாலையில் ஓர் இமை சரியும், எதிரே வரும் பேருந்து இரண்டாகத் தெரியும், பேச்சு மூக்கால் வரும். தூங்கி எழுந்தால் மறுபடி தேவலை. வீட்டில் "சோம்பல்" என்பார்கள், இல்லாவிட்டால் "கண்ணாடியை மாத்து" என்பார்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற தசைத் தளர்ச்சி நோய் பலருக்கு இப்படித்தான் தலைகாட்டுகிறது. வேலை கொடுக்கக் கொடுக்கத் தளர்வது, ஓய்வு கொடுத்தால் தெளிவது – இதுதான் அதன் அடையாளம்.

● நரம்பு தசைக்கு இடும் கட்டளை, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாகத்தான் போய்ச் சேர்கிறது. அதை வாங்கிக்கொள்ள தசையின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியைத் தாக்க வேண்டிய ஆன்டிபாடிகள் ஆள் மாறி இந்த ஏற்பிகளைத் தாக்கி அழிப்பதே பெரும்பாலோருக்கு இந்த நோய் வரக் காரணம். நரம்பிலும் பழுதில்லை, தசையிலும் பழுதில்லை. கோளாறு இரண்டும் சந்திக்கும் இடத்தில்.

● இதைக் கண்டுபிடிக்க உதவியது கட்டுவிரியன் இனத்துப் பாம்பு! 1963-இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அந்தப் பாம்பின் நஞ்சிலிருந்து பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். ஏற்பியில் ஒட்டினால் எளிதில் விடாத நஞ்சு அது. அதற்குக் கதிரியக்கக் குறியிட்டு, நோயாளிகளின் தசையில் எத்தனை ஏற்பிகள் மிச்சம் என்று 1973-இல் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள். இயல்பான அளவில் 11 முதல் 30 விழுக்காடுதான் இருந்தது. 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

அதே ஆண்டு, அதே இதழ். கலிஃபோர்னியாவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர் மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்த ஏற்பிகளை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அந்த ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைப் பெறுவதற்கான சாதாரண சோதனைதான். முயல்கள் துவண்டு விழுந்தன. மயஸ்தீனியா நோயாளிக்குக் கொடுக்கும் வகை மருந்தைச் செலுத்தியதும் எழுந்து நின்றன. நோய்க்குக் காரணம் எதிர்ப்பு சக்திதான் என்ற சந்தேகம் அதோடு வலுத்தது.

● 1672-லேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், பேசப் பேசக் குரல் போய்விடும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மருந்து கிடைக்க இன்னும் 262 ஆண்டுகள் ஆயின.

● அந்த மருந்தைக் கண்டவர் மேரி வாக்கர். பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் அல்ல. லண்டன் கிரீனிச்சில் ஏழைகளுக்கான ஒரு மருத்துவமனையின் டாக்டர். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் கியூராரே நஞ்சு ஏறியவரும் மயஸ்தீனியா நோயாளியும் ஒரே மாதிரி துவள்வதை எண்ணிப் பார்த்தார். அப்படியானால் கியூராரேவுக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மினை ஏன் இவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கக்கூடாது? 1934-இல் ஊசி போட்டார். சரிந்த இமை சிறிது நேரத்தில் உயர்ந்தது. சில மணி நேரத்தில் மறுபடி சரிந்தது என்றாலும் வழி திறந்துவிட்டது. அந்த மருந்துக்கு மூலம், மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றவாளியா இல்லையா என்று சோதிக்க விழுங்கச் சொன்ன கலபார் கொட்டை. இன்று நோயாளிகளின் சட்டைப்பையில் இருக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அதே வழியில் வந்ததுதான்.

● நம் மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்களும் ஊதுகுழல் அம்பில் நஞ்சு தடவுவார்கள். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஈப்போ மரத்தின் பால். ஆனால் அது வேறு ரகம். கியூராரே தசையை முடக்கும். ஈப்போ இதயத்தை நிறுத்தும்.

● பனிக்கட்டியும் ஒரு சோதனைக் கருவிதான். கையுறைக்குள் பனிக்கட்டியைப் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைப்பார்கள். எடுத்ததும் இமை 2 மில்லிமீட்டராவது உயர்ந்திருந்தால் மயஸ்தீனியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். குளிரில் அசிட்டைல்கோலின் மெதுவாகச் சிதைவதால் மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. வெயில் இதற்கு நேர்மாறு. கிள்ளானின் பிற்பகல் சூட்டில் நோயாளி இன்னும் துவண்டுபோவது நடிப்பல்ல.

● அமிதாப் பச்சனுக்கும் 1980-களின் நடுவில் இந்த நோய் வந்தது. அதற்குப் பிறகு அவர் எத்தனை படம் நடித்தார் என்பது ஊரறிந்தது.

● இனி வேறொரு நோய். கில்லன்-பாரே. இங்கே எதிர்ப்பு சக்தி தாக்குவது நரம்பையே. பாதத்தில் தொடங்கும் பலவீனம் சில நாட்களில் மேலே ஏறும். மூச்சுத் தசை வரை போனால் வென்டிலேட்டர்தான். நான்கில் ஒருவருக்கு அந்த நிலை வரலாம். ஆனாலும் பெரும்பாலோர் ஆறு மாதத்தில் மறுபடி நடக்கிறார்கள்.

இதில் உலகத்தரமான ஆராய்ச்சி நம் வாசலிலேயே நடக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் எல்ஆர்டி ஏறினால் கேஎல் சென்ட்ரலிலிருந்து நான்காவது நிலையம் 'யூனிவர்சிட்டி'. அதற்கு அருகில்தான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். 2021-இல் 'லான்செட்' இதழ் கில்லன்-பாரே பற்றி வெளியிட்ட விரிவான கட்டுரையின் முதல் ஆசிரியர் இங்குள்ள பேராசிரியர் நோர்த்தினா ஷாரிசைலா. நரம்பில் மின்சாரம் பாயும் வேகத்தை ஒரு தடவை அளந்து முடிவு கட்டக்கூடாது, சில வாரம் கழித்து மறுபடி அளந்தால்தான் எந்த வகை நோய் என்று சரியாகச் சொல்ல முடியும் என்பது இவர்கள் குழு காட்டியவற்றில் ஒன்று. 2012-இல் தொடங்கிய பன்னாட்டு கில்லன்-பாரே ஆய்விலும் மலேசியா சேர்ந்திருக்கிறது. கண் அசையாமல், குடித்தவரைப்போல் தள்ளாட வைக்கும் மில்லர் ஃபிஷர் என்ற வகை ஆசியாவில் 22 விழுக்காடு, ஐரோப்பா-அமெரிக்காவில் 11 விழுக்காடு என்று காட்டியது அந்த ஆய்வுதான். (பங்களாதேஷ் இந்த ஆசியக் கணக்கில் இல்லை, அங்கே நோயின் போக்கே வேறு.)

● நரம்பைத் தாக்கும்படி எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுவது பல நேரம் ஒரு வயிற்றுப்போக்குக் கிருமி: கேம்பைலோபாக்டர். அதன் மேல்தோலில் உள்ள சர்க்கரைப் பொருள் நம் நரம்பில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. கிருமியை அடிக்கப் புறப்பட்ட ஆன்டிபாடி நரம்பையும் அடித்துவிடுகிறது. இதை நிறுவியதில் ஜப்பானியர் நொபுஹிரோ யூகிக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னாளில் சிங்கப்பூரில் பணியாற்றியபோது மலாயாப் பல்கலைக்கழகக் குழுவோடும் சேர்ந்து எழுதினார். 2025 தொடக்கத்தில் இந்தியாவின் புனே நகரில் இருநூறுக்கும் மேற்பட்டோரை இந்த நோய் பிடித்தபோது, சிலரிடம் இதே கிருமி கிடைத்தது. சந்தேகம் குடிநீர்மேல் விழுந்தது. நம் சமையலறையில் பயப்பட வேண்டியது சாத்தேக்கு அல்ல, வேகாத சாத்தேக்கு. கோழி வெட்டிய பலகையிலேயே பக்கத்தில் வைக்கும் வெள்ளரிக்காயையும் வெட்டுவது அதைவிட மோசம்.

● மயஸ்தீனியாவுக்கு ஸ்டீராய்டு கை கொடுக்கும். கில்லன்-பாரேவுக்குக் கொடுக்காது. இரண்டுமே எதிர்ப்பு சக்தியின் கோளாறாக இருந்தும் ஏன் இப்படி என்பது இன்னும் முழுதாக விளங்காத புதிர். இரண்டிலும் பலிப்பவை, ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவதும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வழக்கமாக ஐந்து நாளில் 120 கிராம். ஒவ்வொரு புட்டிக்கும் பின்னால் ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மா இருக்கிறது.

● மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தால் மயஸ்தீனியா தணியும் என்று நெடுங்காலமாக நம்பி அறுத்தார்கள். முறையான சோதனை 2016-இல்தான் வந்தது, 126 பேரை வைத்து. நம்பிக்கை சரிதான்!

● பழைய ஆன்டிபாடிகளை உடம்பு வீணாக்காமல் மறுபடி புழக்கத்தில் விடுகிறது. அந்த வழியை அடைக்கும் எஃப்கார்டிஜிமோட் என்ற மயஸ்தீனியா மருந்துக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்தப் புது வகைகளில் விலைதான் இடிக்கிறது.

● மயஸ்தீனியா உள்ளவரை, மற்றவர்களுக்குச் சாதாரணமான சில மருந்துகளும் சாய்த்துவிடலாம். சிப்ரோஃப்ளோக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், சில ரத்த அழுத்த மாத்திரை, மக்னீசியம் ஊசி, குயினைன் – டானிக் வாட்டரில்கூடக் குயினைன் உண்டு. டாக்டர் எழுதித் தந்ததைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். எந்த கிளினிக்குக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

● ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி மருத்துவர்கள் மூச்சுத் தசையைச் சோதிப்பார்கள். இருபதைத் தாண்ட முடியாமல் திணறுவது ஆபத்தின் அறிகுறி. காலில் தொடங்கிய தளர்ச்சி மேலே ஏறுகிறது, அல்லது விழுங்கவும் மூச்சு விடவும் கஷ்டமாக இருக்கிறது என்றால், விடியட்டும், கிளினிக் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள்.